எதிர்பார்ப்பு: பெரியவர்கள் விருப்பப்படி

திருமணத் தகவல் மையங்களும் வரன் அறிமுக விழாக்களும் நடத்தும் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் உங்களில் ஒரு சங்கத்தார் நடத்திய விழாவுக்கு வந்திருந்தேன். அக்கா மகளுக்காக. அத்தானுக்கு முழங்கால் வலி. அதனால் படி ஏற, வரிசையில் நிற்க, ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுக்க எல்லாவற்றுக்கும் தாய்மாமன் நான்தான். எந்தச் சங்கம், எந்த மண்டபம் என்று எழுதவில்லை. எழுதினால் இது அவர்களுக்கு மட்டும் எழுதிய மடலாகிவிடும். ஈரோட்டிலும் சேலத்திலும் நாகர்கோவிலிலும் இதே மேடை, இதே மைக், இதே படிவம்தானே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தரகருக்கு இரண்டு பக்கமும் கமிஷன் கொடுத்து மாளாத குடும்பங்களுக்கு நீங்கள் செய்வது பெரிய உதவி. கொஞ்சம் பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு அதிலேயே இலை போட்டுச் சாப்பாடும் போடுகிறீர்கள். அன்று மைக் பிடித்தவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியராம். காலை ஒன்பதரையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை நின்றபடியே பேசினார். தொண்டை கட்டிய பிறகும் நிறுத்தவில்லை. அழைப்பிதழில் ‘சுயம்வரம்’ என்று போட்டிருந்தீர்கள். சுயம் எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன், அது வேறு விஷயம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். பின்னால் திரையில் அவர்கள் போட்டோ. பெயர், படிப்பு, வேலை, சம்பளம், நட்சத்திரம், ராசி, சொந்த வீடா வாடகையா, உடன்பிறந்தோர் எத்தனை பேர், அவர்களில் திருமணம் ஆனவர்கள் எத்தனை பேர். கடைசியாக, எதிர்பார்ப்பு.

“பதிவு எண் ஒன்பது, மேடைக்கு வரவும்” என்று அறிவித்தபோது பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று தலைமை ஆசிரியருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி அப்பா அம்மாவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பையனும் சிரித்தான். ஆனால் ஒரு நொடி பிந்தி. சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அப்புறம் சிரித்தான்.

அந்த ஒரு நொடி எனக்கு நன்றாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண்காரன் ஒரு சாதுப் பையன். அவன் ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் போதெல்லாம் வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் என் பக்கம் திரும்பிவிடுவார்களே என்ற பயம். எல்லோரையும் பார்த்து, சரி, இப்போது சிரிக்கலாம் என்று முடிவு செய்து சிரிக்க ஒரு நொடி ஆகும். கல்லூரியிலும் அப்படித்தான், முதல் வேலையிலும் அப்படித்தான். சிரிப்பு தானாக வருபவர்களுக்கு அந்தத் தாமதம் கண்ணில் படாது.

கொஞ்ச நேரத்தில் அவனும் மேடை ஏறினான். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் முன்னால் கோத்துக்கொண்டான். பிறகு ஏதோ நினைவு வந்தவன் போல இரண்டையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டான். அவன் கையை யாரோ எப்போதோ கேலி செய்திருக்க வேண்டும். குரலை அடித்தொண்டையிலிருந்து எடுத்தான். அதுவும் எனக்குத் தெரிந்த வித்தைதான், ரொம்ப நேரம் பேசினால் தொண்டை வலிக்கும். அப்பா கீழே இருந்து ஒவ்வொரு பதிலுக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டீர்கள்.

“பெரியவங்க விருப்பப்படிங்க.”

மண்டபமே கை தட்டியது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று தலைமை ஆசிரியர் மனமாரப் பாராட்டினார். அவன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

2003-ல் இதே மதுரையில் வேறொரு மண்டபத்தில், இப்படி ஒரு மேடையில் நானும் நின்றேன். வயது 28. படிவத்தில் எதிர்பார்ப்பு என்ற இடத்தில் என் கையெழுத்தில் நான் எழுதியது, ‘பெரியவர்கள் விருப்பப்படி’. எனக்கும் கை தட்டினார்கள்.

அந்தப் பையன் தன்பாலீர்ப்பாளன் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? வெறும் கூச்ச சுபாவமாக இருக்கலாம். வேறு சாதிப் பெண் ஒருத்தியைக் காதலித்துக்கொண்டு வீட்டில் சொல்ல முடியாமல் இருக்கலாம். கல்யாணமே வேண்டாம் என்று இருக்கலாம். பார்வையை வைத்து ஆளை எடை போடும் வேலையை ஊர் எனக்குச் செய்தது போதும், நானும் அதைச் செய்யக் கூடாது. அவனை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால் இங்கே அவனைப் பற்றி எழுதியதிலும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஆனால் மேடையில் நின்றவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2003-ல் நின்ற பையனைக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது போலவே இருந்தது.

2003-ல் நின்ற அந்தப் பையன் என்னவானான் என்று சொல்கிறேன்.

மேடை ஏறுவதற்கு முன்பே அவன் வைத்தியம் பார்த்தவன்தான். மாதம் ஒருமுறை பேருந்து நிலையத்துக்கு எதிர் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘இளைஞர் பலவீனம்’ என்று சுவரெல்லாம் எழுதியிருக்கும். அவரிடம் போனேன். நான் என்ன சொன்னாலும் அவர் லேகியம்தான் கொடுத்தார். நன்றாகப் பசித்தது. அடுத்து ஒரு மனநல மருத்துவர், நிஜமாகவே படித்தவர். கதவைச் சாத்திக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். முதன்முதலாக ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டோம் என்று எனக்கு அழுகையே வந்தது. கேட்டு முடித்துவிட்டு, “ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்” என்றார்.

உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்தது 1990-ல். அவர் எனக்கு அந்த யோசனை சொன்னது 2002-ல்.

அப்புறம் ஜாதகம். ஏழாம் இடத்தில் சனி, கல்யாணம் தாமதமாகும் என்றார் ஜோசியர். வீட்டில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி. எனக்காகப் பேசிய ஒரே ஆள் சனி பகவான்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் பரிகாரம் உண்டே. குத்தாலம் பக்கத்தில் திருமணஞ்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே கொடுக்கும் மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் முடிந்ததும் ஜோடியாகப் போய்த் திரும்பச் செலுத்த வேண்டும். அந்த மாலை சாமி அறையில் பத்து மாதம் காய்ந்துகொண்டே தொங்கியது. தினமும் விபூதி பூசும்போது என் முகத்துக்கு நேராக. 2004 தை மாதம் கல்யாணம். சொன்னபடி ஜோடியாகப் போய்ச் செலுத்திவிட்டு வந்தோம்.

இனி எழுதப்போவதை அந்தப் பெண்ணுக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னேன். ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். மற்றதற்குச் சரி என்றார்.

பதினான்கு மாதம் சேர்ந்திருந்தோம். எங்களுக்குள் எதுவும் நடக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்ல வெட்கப்பட்டார், நான் சொல்லப் பயந்தேன். ஆறாவது மாதத்திலிருந்து “விசேஷம் ஏதும் இல்லையா?” ஆரம்பித்தது. கேட்கும் ஒவ்வொருவரும் அவர் வயிற்றைப் பார்த்துத்தான் கேட்டார்கள். அவர் அம்மா சஷ்டி விரதம் இருக்கச் சொன்னார். என் அம்மா மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை. மாப்பிள்ளையையும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள் என்று மருத்துவர் சொன்னதற்கு, “எம்புள்ளைக்கு என்ன குறை?” என்று அம்மா சண்டைக்கே போய்விட்டார். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பெண், தன் உடம்பில் இல்லாத குறைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிறுகதைப் பக்கத்தைப் புரட்டினேன்.

என்னைச் சட்டம் பயமுறுத்தியது, ஊர் பயமுறுத்தியது, அம்மா செத்துப்போவேன் என்று சொன்னார் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனது. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். இருட்டில் சொல்லிவிட்டேன். அவர் கத்துவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், “கல்யாணத்துக்கு முன்னாடி யாராச்சும் உங்களத் தனியாக் கூப்பிட்டு, இஷ்டமான்னு கேட்டாங்களா?” என்றார். இல்லை என்றேன். “என்னையும் யாரும் கேக்கல. நான் மேல படிக்கணும்னு இருந்தேன்.”

விவாகரத்து 2007-ல் முடிந்தது. ஒரு வருடம் பிரிந்திருந்து, பரஸ்பர சம்மத மனு போட்டு, அதற்கு மேல் ஆறு மாதம் காத்திருந்து. கோர்ட் வராந்தாவில் இரண்டு வீட்டாரும் எதிரெதிர்ச் சுவரோரம் நின்றார்கள். பெண் ராசியில்லாதவள் என்று எங்கள் பக்கத்தில் பேசினார்கள். அதையும் நான் மறுக்கவில்லை, ரொம்ப நாள் கழித்துத்தான் மறுத்தேன். அவர் நன்றாக இருக்கிறார். எங்கே, யாரோடு என்பதெல்லாம் இந்த மடலுக்கு வேண்டாம்.

இந்தக் கதை உங்களுக்கு எதற்கு என்று நினைக்கலாம். 2003-ல் நான் மேடையில் நின்றபோது என்னைப் போன்றவர்களுக்கு இந்தியச் சட்டம் வைத்திருந்த பெயர் குற்றவாளி. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த 377-வது பிரிவில் பத்து வருடம் வரை, ஏன், ஆயுள் தண்டனைகூடக் கொடுக்கலாம். அப்போது உங்கள் சங்கத்துப் பெரியவர் யாரிடமாவது நான் போய்ச் சொல்லியிருந்தாலும் அவருக்கும் என்ன செய்வது என்று தெரிந்திருக்காது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அது குற்றமில்லை என்றது. 2013-ல் உச்ச நீதிமன்றம் குற்றம்தான் என்றது. நான்கு வருடத்துக்கு மட்டும் நிரபராதியாக இருந்துவிட்டுத் திரும்பக் குற்றவாளி ஆன அனுபவம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்! கடைசியில் 2018 செப்டம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் குற்றமில்லை என்று ஒருமனதாகச் சொல்லி அந்தக் கதையை முடித்தார்கள்.

இன்னொன்று நம் ஊர்ச் செய்தி. மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழ்வதற்காகச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுக்க, அவர்கள் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை. இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு 2021 ஜூன் 7-ம் தேதி விரிவான உத்தரவு போட்டார். தன்பாலீர்ப்பை ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று யாரும் வைத்தியம் செய்யக் கூடாது என்பதும் அதில் உண்டு. அதைத் தொடர்ந்து 2022-ல், அப்படி வைத்தியம் செய்வது மருத்துவரின் தொழில் நெறிக்கு விரோதமான நடத்தை என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. எங்களை எப்படிக் குறிப்பிடுவது என்று தமிழக அரசே ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. தெரியாது என்று ஒரு நீதிபதி சொல்லிவிட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். உங்களுக்கும் அது முடியும் என்று அந்தத் தலைமை ஆசிரியரைப் பார்த்தபோது தோன்றியது.

பயப்பட வேண்டாம். உங்கள் மேடையில் இரண்டு மாப்பிள்ளைகளைச் சேர்த்து வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே மறுத்துவிட்டது. நீங்கள் என்ன செய்வீர்கள், பாவம்.

படிவத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள் என்றும் கேட்கவில்லை. 2003 படிவத்தில் ‘மறுமணம்’ என்ற கட்டம் கிடையாது, இப்போது இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி நேரம் ஒதுக்கியிருந்தீர்கள். நீங்கள் மாறாதவர்கள் இல்லை. ஆனால் படிவத்தை அப்பாதான் நிரப்புகிறார், அம்மாதான் சரிபார்க்கிறார். எங்கள் விஷயம் எந்தக் கட்டத்திலும் எழுதக்கூடியது இல்லை.

நான் கேட்பது பத்து நிமிடம். பதிவு செய்ய வரும் ஒவ்வொரு பிள்ளையையும், ஆணானாலும் பெண்ணானாலும், பெற்றோர் இல்லாமல் தனியாக உட்கார வைத்து உங்களில் ஒருவர் பேச வேண்டும். எல்லோருக்கும் அது நடைமுறை என்று வைத்துவிட்டால் யார் மேலும் சந்தேகம் விழாது. கேட்க வேண்டியது ஒரே கேள்வி. இதில் உங்களுக்குச் சம்மதமா?

சம்மதம் என்றால் மேடைக்கு அனுப்புங்கள். பொய்யாகச் சொல்கிறவர்களும் இருப்பார்கள். 2003-ல் நீங்கள் கேட்டிருந்தால் நானும் பொய்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் என்னைக் கட்டிக்கொண்ட பெண் சொல்லியிருக்க மாட்டார். அவர் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்.

வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காதீர்கள். காரணம் தெரிந்தால் காப்பாற்ற வேண்டிய ரகசியம் ஒன்று கூடும், உங்களுக்கு எதற்கு அந்தப் பாரம்? தெரிந்த டாக்டர் இருக்கிறார் என்று விசிட்டிங் கார்டு எடுக்காதீர்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பெற்றோரிடம் வந்து, “கட்டம் இப்ப சரியா அமையல, ஒரு வருஷம் போகட்டும்” என்று நீங்களாகச் சொல்லுங்கள். பிள்ளை சொன்னால் வீட்டில் ரகளை ஆகும், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். பொய்தானே என்று யோசிக்கிறீர்களா? ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். ஒரு கல்யாணத்தைத் தள்ளிவைக்க ஒரு பொய் சொல்லக் கூடாதா?

பந்தியில் அந்தப் பையன் எனக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தான். தற்செயல்தான், நான் இடம் பார்த்து உட்காரவில்லை. கொஞ்சம் பார்த்திருக்கலாம். யாருக்காக வந்திருக்கிறேன் என்று கேட்டான், சொன்னேன். “நீங்க?” என்றான். கல்யாணம் ஆகி, முடிந்தும் போய்விட்டது, இருபது வருடம் ஆகப்போகிறது என்றேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான்.

“தனியா இருக்கறது ரொம்பக் கஷ்டமா சார்?”

என்ன சொல்வது? பதினோரு வருடமாக நானும் இன்னொருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு நாங்கள் நண்பர்கள். அக்காவுக்குத் தெரியும். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் இரண்டு வேட்டி எடுத்து அனுப்புவாள். அவர் குறட்டையையும், காபிக்குச் சர்க்கரை பற்றிய எங்கள் தினசரிச் சண்டையையும் அந்தப் பந்தியில் எப்படிச் சொல்ல?

“நான் தனியா இல்ல தம்பி” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவன் அப்பா வந்து தோளில் கை வைத்து, “சீக்கிரம் எந்திரி, திருமங்கலத்துக்காரங்க ஜாதகம் கேக்கறாங்க” என்றார். பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டான். இலையை மூடிவிட்டுப் போனான், நல்ல பிள்ளை.

அவன் போன் நம்பரை நான் கேட்கவில்லை. உங்கள் வரன் புத்தகத்தில் அவன் பக்கம் இருக்கிறது, அப்பாவின் நம்பரோடு. அதை வைத்து நான் என்ன செய்ய முடியும்? அதனால்தான் அவனுக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த விழா வைகாசியில் என்று அறிவித்தீர்கள். மேடைக்கு இடது பக்கம் மணமகள் அறை அன்று முழுக்கப் பூட்டியே இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஃபேன் இருக்கிறது, இரண்டு நாற்காலி போட இடம் இருக்கிறது. என்னை அங்கே உட்கார வைக்க உங்களுக்கு மனம் வராது என்று தெரியும். பதிவு மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு டீச்சரம்மா இருந்தாரே, ஒவ்வொரு பிள்ளையிடமும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தவர், அவரை உட்கார வையுங்கள்.

பெயர் போடாததற்கு மன்னிக்கவும். அக்கா மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. என் பெயர் வெளியே வந்தால் அவள் ஜாதகத்தை யாரும் கையால் தொட மாட்டார்கள்.

இப்படிக்கு,
2003-ம் ஆண்டு, பதிவு எண் 112